சிஸ்டர் வாங்கிய கரண்ட் கார்

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகள், அவர்கள் பிள்ளைகள், மருந்துக் கடைக்காரர், குடியிருப்பின் வாட்ச்மேன் என்று ஒருவர் பாக்கியில்லை. கட்டிய கணவனும் அப்படித்தான். அவன் கார் மெக்கானிக். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஓடுகிற என்ஜினின் ஃபேன் பெல்ட்டில் கையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவனுக்கு மூன்று வாரம் கட்டு மாற்றியவள் அவள். அப்போது வாயில் ஒட்டிய வார்த்தை கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. "பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடற ஒரே ஆளு உலகத்துலயே நீதான்யா" என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு அவள் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஆகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனி காலையில் போனுக்குப் பட்டியல் அனுப்பும். ஏழு வீடு. ஒரு வீட்டில் சர்க்கரை ஊசி, ஒரு வீட்டில் சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இன்னொன்றில் காலில் ஆறாத புண். போகிற வீடுகளுக்கு இடையே பஸ் கிடையாது; இருந்தாலும் ஆறு கிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு ஏறி இறங்க முடியாது. அதனால் கார் அவளுக்குப் பகட்டு இல்லை. கத்தரிக்கோல், கையுறை மாதிரி அதுவும் ஒரு சாமான்.

முதலில் இருந்தது பதினேழு வருடத்துப் பெட்ரோல் கார். கணவன் அதைத் தட்டிக் கொட்டி, வேறு வண்டிகளில் கழற்றிய பாகங்களைப் போட்டு, எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அறிவிப்பு வந்தது: பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகள் இனிமேல் நகரின் உள்வட்டத்துக்குள் வரக் கூடாது. அவளுடைய ஏழு வீட்டில் நான்கு உள்வட்டத்தில் இருந்தன. கம்பெனியும் கையோடு ஒரு கடிதம் அனுப்பியது. உள்வட்டத்துக்குப் போகிறவர்கள் மின்சாரக் கார் வைத்திருந்தால் முன்னுரிமையாம். வாங்குவது எப்படி என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு இருவரும் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளாமலேயே திரும்பி வந்தார்கள். பிறகு ஐந்து வருடம் ஓடிய ஒரு பழைய வண்டி தவணையில் கிடைத்தது. "ஒரு சார்ஜுக்கு இருநூறு கிலோமீட்டர் கண்ணை மூடிட்டு போலாம் சிஸ்டர்" என்றார் விற்றவர். வாங்கிய முதல் வாரமே தெரிந்துவிட்டது. நூற்றுப் பத்துதான். ஏ.சி. போட்டால் எண்பத்தைந்து. கணவன் முன்பக்க மூடியைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். ஆரஞ்சு நிறக் கம்பிகளும், தொடாதே என்று எழுதி ஒட்டிய பெட்டிகளும்தான் இருந்தன.

"இதுல நான் எதத் தொடறது?" என்று கேட்டுவிட்டு மூடியைச் சாத்தினான்.

வண்டியை வாங்கியவளுக்கு அதைச் சார்ஜ் போட இடம் இல்லை. அவர்கள் வீடு நான்காவது மாடி. கார் நிற்பது கீழே. கணவன் கடைத்தெருவுக்குப் போய்த் தடிமனான ஒயர் வாங்கி வந்து, பால்கனியிலிருந்து கீழே இறக்கினான். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் ஒயர் சூடேறி, மூன்றாவது மாடிக்காரர்களுக்குத் தீய்ந்த நாற்றம் அடித்தது. அதற்குக் கூட்டம் போட்டார்கள். பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. தனி மீட்டர் வைத்து அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று அவள் எழுந்து நின்று கேட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று பத்தொன்பது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கெட்டவர் இல்லை. கூட்டம் முடிந்து படியேறும்போது அவரே அவளை நிறுத்தினார்.

"சிஸ்டர், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. என் பிரஷரையே நீங்கதான் பாத்து சொல்றீங்க. ஆனா கீழ ஒண்ணு பத்திக்கிச்சுன்னா மேல நாப்பது குடும்பம். நான் எங்க போய் நிப்பேன், சொல்லுங்க."

"உங்க காருக்குள்ள நாப்பது லிட்டர் பெட்ரோல் இருக்கே சார், அது பத்திக்காதா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

பட்டறையில் போடலாம் என்று பார்த்தால், கம்ப்ரெசர் ஓடும்போது இதையும் செருகினால் ஃப்யூஸ் போனது. இரண்டு தரம் போனது. மூன்றாம் தரம் கொட்டகைச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்றார். மிச்சமிருந்தது பொது சார்ஜர். பக்கத்துச் சூப்பர் மார்க்கெட் வாசலில் மூன்று நிறுத்தியிருந்தார்கள். ஒன்று வந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. இன்னொன்றில் எப்போதும் வாடகைக் கார் ஏதாவது நிற்கும். மூன்றாவது கிடைத்தால் போனில் உள்ள செயலி திறக்காது. திறந்தால் பணம் போகும், கரண்ட் வராது. அவள் அங்கேயே மதியச் சாப்பாட்டை முடித்தாள், நோயாளிகளின் ஃபைலை எழுதினாள், சில நாள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். கரண்டை மிச்சம் பிடிக்க நடு வெயிலிலும் ஏ.சி. போடுவதில்லை. அடுத்த வீட்டுக்குள் நுழையும் முன் பின் சீட்டில் குனிந்து சட்டையை மாற்றிக்கொள்வாள். வியர்வையில் நனைந்த கையால் புண்ணைத் தொட முடியாதல்லவா. முன்பெல்லாம் வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்ப்பாள். இப்போது கண் முழுக்க அந்தச் சதவீத எண்ணில்தான் இருந்தது. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, பத்தொன்பது. இறங்குகிற ஒவ்வொரு எண்ணுக்கும் மீதி வீடுகளை விரல் விட்டு எண்ணினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது மேம்பாலத்தின் நடு முதுகில் நின்றேவிட்டது. மூன்று சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, சட்டென்று ஒன்றானது, பிறகு ஊர்ந்தது, பிறகு அதுவும் இல்லை. பின்னால் ஹாரன் கூச்சல். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நோயாளி, சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, வயிறு வீங்கி, வலியில் துடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்தார். அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். போய்க் குழாயை மாற்றினாள். அந்த அம்மாள் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. மேம்பாலத்துக்குத் திரும்பி வந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீட்கவே பாதி வாரச் சம்பளம் போனது.

மறுநாள் குதிகாலில் கொப்புளத்தோடு அவள் போய் நின்ற வீடு, ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண். மனைவி இல்லை. ஒரே மகன். அவன் காலை பத்து மணிக்கு வேலைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு ஓடி வந்து அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவான். நடுவில் பதினொரு மணிக்கு அவள் போவாள். அதற்காக வீட்டுச் சாவி ஒன்றை அவளிடமே கொடுத்திருந்தான். அப்படி ஒரு நம்பிக்கை.

அவள் பெரியவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆண் நோயாளிகள் எல்லோருமே அவளுக்கு அப்பாதான். அன்றைக்கு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய கட்டைப் பிரித்துக்கொண்டே, பேசாத மனிதர்தானே என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்க பஸ்ஸு என்னிக்காவது பாலத்து மேல நின்னுருக்காப்பா? என்னுது நின்னுடுச்சு. சார்ஜ் போட ஒரு ஓட்டை இல்ல இந்த ஊர்ல எனக்கு. இன்னிக்கும் பதினோரு பர்சென்ட்தான் இருக்கு. இங்கேர்ந்து எப்படி போகப் போறேனோ."

பெரியவரின் இடது கை மெல்ல எழுந்தது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் துணி துவைக்கும் மெஷினின் பிளக் இருந்தது. அதைக் காட்டியது.

"போ... டு."

அவள் கை நின்றது. "என்னப்பா சொன்னீங்க?"

"வண்... டி. போ... டு."

எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வார்த்தை என்று ஒன்று வந்து அவள் கேட்டதில்லை. அழுகைதான் வந்தது. சிரித்துச் சமாளித்தாள். வேண்டாம்பா, அதெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளும் அவர் கை சுவரைக் காட்டியது. மூன்றாம் நாள் ஒன்பது சதவீதத்தில் வந்து சேர்ந்தாள். ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே எடுத்துச் செருகினாள். உடம்பு துடைத்து, புண் கட்டி, கை கால் பயிற்சி கொடுத்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்குள் பதினைந்து கிலோமீட்டர் ஏறியது. பெரிய அளவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து கிலோமீட்டரில்தான் மீதி வீடுகள் இருந்தன.

அவர் பேசியதை அன்றைக்கே ஃபைலில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எதைப் பற்றிப் பேசினார் என்றும் எழுத வேண்டும். எழுதவில்லை. மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். பதினாறு நாள் அப்படி ஓடியது.

வாசலில் ஒரு கேமரா இருந்தது. அப்பா தனியாக இருக்கிறாரே என்று மகன் வைத்தது. ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறான். தன் வீட்டு ஜன்னலிலிருந்து ஒயர் வெளியே வந்து நர்ஸின் காருக்குள் போகிறது. அவளிடம் கேட்கவில்லை. நேராகக் கம்பெனிக்கு எழுதிவிட்டான்.

மேற்பார்வைக்கார அம்மாள் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மகன் அனுப்பிய கேமரா போட்டோவை மேஜையில் வைத்தார்.

"நோயாளி வீட்டு கரண்ட்ட எடுத்திருக்கீங்க."

"திருடலைங்க மேடம். அவரே போட்டுக்கோன்னு சொன்னாரு."

"யாரு சொன்னாரு?"

"பெரியவர்தான்."

மேற்பார்வைக்கார அம்மாள் ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: நோயாளி பேச இயலாதவர். எந்த ஒப்புதலும் மகனிடமே பெற வேண்டும்.

"இத நீங்கதானே எழுதினீங்க?"

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையையும் அந்த வீட்டுச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். போய்ப் பார்க்க ஒரு நோயாளி வீடு இல்லாமல் சார்ஜ் மட்டும் எழுபது சதவீதம் இருந்தது.

அன்றிரவு கணவன் சாப்பிடவில்லை.

"சொல்லியிருந்தா நான் எதாவது பண்ணியிருப்பேன்ல" என்றான்.

"என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் யோசித்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் சரி பண்றேன். உன் வண்டிக்கு ஸ்பேனர் வெக்க இடம் இல்ல, சிஸ்டர்" என்றான்.

விற்றுவிடலாம் என்று மறுநாள் பேட்டரியைச் சோதிக்கக் கொண்டுபோனார்கள். ஒரு இளைஞன் கம்பியைச் செருகி, கம்ப்யூட்டரைப் பார்த்து, அறுபத்தொரு சதவீதம்தான் உயிர் இருக்கிறது என்றான். நோயாளியைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னான். அவர்கள் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட யாரும் கேட்கவில்லை. புது பேட்டரியின் விலை காரின் விலையைவிட அதிகம். வேலை இல்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

ஒன்பதாம் நாள் அவள் பழக்கத்தில் பையையும் மாட்டிக்கொண்டு பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். மாலை ஆறு மணி. மகன் கதவைத் திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"சார், உங்ககிட்ட சொல்லாம போட்டது என் தப்பு. அதுக்கு என்ன வேணா சொல்லுங்க. ஆனா திருடினேன்னு மட்டும் எழுதாதீங்க. இந்தத் தொழில்ல அந்த ஒரு வார்த்தை போதும், அப்புறம் யாரும் வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"கரண்ட் காசு எனக்குப் பெருசில்ல சிஸ்டர். ரெண்டு ஹீட்டர் ஓடற கரண்ட். நீங்க கேட்டிருந்தா ஓகேன்னு சொல்லியிருப்பேன்."

"அப்பா சொன்னாரு சார், அதனாலதான்—"

"அதத்தான் என்னால ஒத்துக்க முடியல." அவன் குரல் மாறியது. "எட்டு மாசமா தினமும் காலைல பக்கத்துல உக்காந்து கேக்கறேன். என் பேர ஒரு தடவ சொல்லுங்கப்பான்னு. டீய ஆற விட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒரு எழுத்து வரல. உங்ககிட்ட காருக்கு கரண்ட் போடுன்னு பேசினாராம். கம்பெனில சொன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

"வாங்க சார், அவரையே கேப்போம்" என்றாள். கேட்டிருக்கக் கூடாது. அவளுக்கு வேறு வழி இல்லை.

பெரியவர் அவளைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். மகன் கட்டிலின் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"அப்பா, அன்னிக்கு என்ன சொன்னீங்க எங்கிட்ட? வண்டின்னு சொன்னீங்கல்ல. சார்கிட்ட ஒரு தடவ சொல்லுங்கப்பா."

அவர் வாய் திறந்தது. உதடு கோணிக்கொண்டு போனது. காற்று மட்டும் வந்தது. மகன் குனிந்து காதைக் கொடுத்தான். பெரியவர் கண்ணை இறுக்கி மூடி மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முனகல். அதோடு கடைவாயில் எச்சில் வழிந்து, கண்ணிலிருந்தும் நீர் இறங்கியது. மகன் துண்டால் துடைத்தான்.

"விடுங்க. அவரக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் புண் அழுகுகிற வாடை தெரிந்தது. அவள் மூக்குக்கு அது பழக்கம். வேறு எவருக்கும் உறைக்காது.

"எனக்குப் பதிலா யாரு வராங்க சார்?"

"நாலு நாள் ஒருத்தர் வந்தார். அப்புறம் வண்டி இல்லன்னு வரல. நானே கட்டு மாத்தறேன்."

அவள் பையைத் திறந்தாள். அனுமதி கேட்டாள், அவன் தலையாட்டினான். இருவருமாகப் பெரியவரைத் திருப்பினார்கள். இடுப்புப் புண் ஓரத்தில் கறுத்து, உள்ளே குழி விழுந்திருந்தது. அவள் சுருக்கமாக, இதப் பிடிங்க, அத எடுங்க என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். அவன் போன் வெளிச்சத்தைக் காட்டினான். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் மட்டும் அவளுக்குக் கார் ஞாபகம், தவணை ஞாபகம் ஒன்றும் இல்லை.

"நாளைக்கே டாக்டர்ட்ட காட்டணும். தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லிக் கை கழுவினாள்.

அவன் வாசல்வரை வந்தான். "கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன். இன்னிக்கே எழுதிடறேன்."

"ரொம்ப நன்றி சார். அப்போ திங்கக்கிழமலேர்ந்து நான்—"

"வேண்டாம் சிஸ்டர். வேற யாராவது வரட்டும்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டின் கொண்டியைப் பார்த்தான். "நீங்க நல்லவங்கதான். ஆனா அவர் இன்னொரு தடவ பேசினா, அப்ப நான் இருக்கணும். நீங்க இருக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு, கவனக்குறைவு என்று போட்டார்கள். உள்வட்டத்து வீடுகளை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். வெளிவட்டத்தில் மூன்று வீடு தந்தார்கள். ஏழு வீட்டுக்குப் போட்ட தவணையை மூன்று வீட்டில் கட்ட முடியுமா? கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பணம் முழுவதையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்ட பிறகும் பதினொரு மாதத் தவணை பாக்கி நின்றது.

வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சொந்த வீடு. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். வண்டியைச் சுற்றி வந்து, சத்தமே இல்லையே என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

"இதுல என்ன குறை சிஸ்டர்? ஏன் விக்கறீங்க?"

"குறை ஒண்ணும் இல்ல சார். நல்ல வண்டிதான்."

"சார்ஜு ரொம்ப நேரம் ஆகும்னு பயமுறுத்தறாங்க."

"உங்க வீட்டு வாசல்ல பிளக் இருக்கா?"

"கார் நிக்கற இடத்துலயே இருக்கு. கைய நீட்டினா எட்டும்."

"அப்போ உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றாள். சொன்னபோது அவள் குரலில் பொய் இல்லை. அவள் கணவன் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். வாத்தியார் வண்டியை எடுத்தார். கேட்டைத் தாண்டி வளைந்தபோதும் ஒரு சத்தம் இல்லை. இரண்டாவது மாடியிலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வண்டி நின்ற இடம் மறுநாள் வேறு ஒருவருக்குப் போனது.

திங்கட்கிழமை அவள் ஐந்தரைக்கே கிளம்பினாள். கணவன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். அதிலிருந்து வேண்டாத சாமான் எதையாவது எடுத்துவிடலாமா என்று கேட்டான். இருவரும் நிறுத்தத்துத் திண்டில் பையைத் திறந்து பார்த்தார்கள். எடுக்கக் கூடியது ஒன்றும் இல்லை. முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். இரண்டாவது பஸ் இருபத்தைந்து நிமிடம் வரவில்லை. எட்டு மணி ஊசிக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்த பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவள் நனைந்த சட்டையைப் பார்த்தாள், வழி விட்டாள். சிஸ்டர் பையை இறக்கி வைத்தாள். தோளில் வார் அழுத்திய இடத்தை ஒரு தரம் நீவிவிட்டுக்கொண்டு, கை கழுவப் போனாள்.